58 மில்லி விநாடி மூச்சு

உளுந்தூர்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் இடையே, கெடிலக் கரை ஊர் திருநாவலூர். சுந்தரர் பிறந்த தலம் என்பதால் தேவாரம் பக்கம் தலைவைத்தவர்களுக்கெல்லாம் பழகிய பெயர். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தது. தமிழில் இந்தப் பெயரை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. ஓரிடத்தில் முதல் எழுத்தான 'டி'யை அடுத்து ஓர் 'எச்' இருக்கும்; இன்னோரிடத்தில் இருக்காது. எதை எடுத்து ஒரு லண்டன்காரரிடம் நீட்டினாலும் அவர் வாயிலிருந்து நம் ஊர் வராது. 'எச்' இருந்தால் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை ஊதுவார். இல்லாவிட்டால் 'டிரு' என்று தொடங்குவார். 'நா' நெடில் என்பதை அந்த எழுத்துக்கள் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே 'ந' ஆகிவிடும். 'வ'வை இழுத்து அழுத்துவார். கடைசியில் 'லூர்' தேய்ந்து 'லர்' என்று முடியும்.

இதைக் கேட்டு நாம் சிரிப்போம். ஆனால் இந்தப் பெயரில் அவர் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறாரோ, ஏறக்குறைய அதே இடங்களில்தான் திருநாவலூர் மாணவர் ஆங்கிலத்தில் தடுக்கி விழுகிறார். 'திங்க்' என்பதில் த. நாம் 'வைன்' என்றே சொல்லிவிடும் இரண்டு வேறு சொற்களில் வ. எந்த அசையை அழுத்துவது, எதைத் தேய்ப்பது என்ற குழப்பம். ஒரே சுவரில் இரண்டு பக்கமிருந்தும் முட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், 'அந்த ஒலிகள் நம் மொழியில் இல்லை, நம் நாக்குக்கு வராது' என்பது. பாதிக்கு மேல் இது தவறு. ஆங்கிலம் கேட்கும் ஒலிகளில் பெரும்பாலானவற்றை நாம் காலை எழுந்ததிலிருந்து இரவு வரை ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நாம் ஒலிக்கும் இடம் வேறு, ஆங்கிலம் கேட்கும் இடம் வேறு.

முதலில் அந்த 'எச்' பஞ்சாயத்தை முடித்துவிடலாம். தென்னிந்தியாவில் நாம் 'டி' எழுத்தைத் தனியாக ட-வுக்கு ஒதுக்கிவிட்டோம். த-வுக்கு எழுத்து மிஞ்சவில்லை. எனவே கூட ஓர் 'எச்' சேர்த்தோம். 'கவிதா' என்ற பெயரை நம் ஊர்ப் பெண் எழுதும்போது 'எச்' வருவதும், டெல்லிப் பெண் எழுதும்போது வராததும் இதனால்தான். வடக்கே அந்த 'எச்' மூச்சு கலந்த வேறொரு த-வுக்கு உரியது. ஆங்கிலேயருக்கோ அது இந்த இரண்டுமே அல்ல; பல்லிடுக்கில் காற்று உரசிக்கொண்டு வரும் ஒலி. ஒரே எழுத்துச் சேர்க்கைக்கு மூன்று ஊரில் மூன்று ஒலி.

எழுத்தைத் திருத்தி ஒலியைப் பிடித்துவிடலாம் என்று தமிழக அரசும் ஒருமுறை முயன்றது. 2020 ஜூனில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றி ஓர் அரசாணை வெளியானது. கோயம்புத்தூருக்கு 'எச்' மேல் 'எச்' வந்து, இரட்டை 'ஓ'வும் வந்தது. வேலூரின் பெயரை ஆங்கிலம் அறிந்தவர் படித்தால் 'வீலூர்' என்று வந்தது. கேலி எழுந்தது, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கத்தில் குறையில்லை. 26 எழுத்துக்களை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கும் ஒரு மொழியின் எழுத்தை நம்பி இறங்கியதுதான் கோளாறு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு அச்சு வந்தபோது எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. அதே காலத்தில் உயிரொலிகள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. பேச்சு நகர்ந்துவிட்டது, எழுத்து நின்றுவிட்டது. அதனால்தான் ஒலிகளுக்கென்றே தனி எழுத்து வேண்டும் என்று 1886இல் பாரிஸில் பால் பாஸி என்ற ஆசிரியரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சங்கம் கண்டார்கள். இன்று நல்ல அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் சாய்கோடுகளுக்குள் இருக்கும் அந்த விநோதக் குறிகள் அவர்கள் உண்டாக்கியவற்றின் வழி வந்தவை.

ஒலியைப் பிறக்கும் இடத்தை வைத்துப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களில் பொருந்தி எழுத்தொலியாகிறது என்கிறார் தொல்காப்பியர். பிறகு நாக்கின் எந்தப் பகுதி அண்ணத்தின் எந்தப் பகுதியைத் தொட்டால் எந்த எழுத்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு மிகவும் பிடித்தது அந்த இயலின் முடிவு. உள்ளே எழும் காற்றின் கணக்கு மறையோருடையது, நான் சொல்வது வெளியே வந்து செவிக்குத் தெரியும் ஒலியின் அளவை மட்டும் என்று எல்லை போட்டுக்கொள்கிறார். தன் ஆய்வு எதைப் பற்றியது, எதைப் பற்றியதில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்துவது இன்றைய ஆய்வாளர் பலருக்கும் வராத பழக்கம்.

இப்போது 'கல்', 'பங்கு', 'பகல்', 'பக்கம்' என்ற நான்கு சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான்: க. ஆனால் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால், 'பங்கு'வின் க வரும்போது விரலடியில் அதிர்வு நிற்காமல் ஓடும். 'பக்கம்' என்னும்போது நடுவில் அதிர்வு அறுந்துவிடும். 'பகல்' என்பதிலோ அடைப்பே சரியாக விழுவதில்லை; கொஞ்சம் ஹ-வின் சாயலோடு காற்று கசிந்துபோகிறது. த-வுக்கும் இதே கதைதான்: 'தலை', 'பந்து', 'காது', 'பத்து'. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் அதிர்வில்லாத ஒலி. மெல்லினத்துக்குப் பின் வந்தால் அதிர்வொலி. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டால் இளகிய ஒலி. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் தமிழ் பேசி வளர்ந்தவர் இதைப் பிழையில்லாமல் செய்கிறார். இடமே ஒலியை முடிவு செய்துவிடுவதால் தமிழுக்கு க ஒன்றே போதும். நான்கு எழுத்து வைத்திருந்தால் வீண்செலவு.

மொழியியலார் இதற்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். பொருளை மாற்றவல்ல ஒலி, ஒலியன். இடத்துக்கேற்ப ஒரே ஒலியன் போட்டுக்கொள்ளும் வேடங்கள், மாற்றொலிகள். தமிழில் ஒரே ஒலியனின் மாற்றொலிகளாக இருப்பவை ஆங்கிலத்தில் தனித்தனி ஒலியன்கள். குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடு முதல் ஒலி மட்டுமே. முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்கள் இரண்டையும் 'பின்' என்றே அச்சிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன.

தமிழின் இந்த இட விதியை ஐரோப்பியரில் விரிவாக எழுதி வைத்தவர் கால்டுவெல். 1856இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் வல்லினங்கள் இடத்துக்கேற்ப அதிர்வு பெறுவதும் இழப்பதும் தமிழின் தனித்தன்மையாகச் சொல்லப்படுகிறது. 1934இல் ஜே. ஆர். ஃபர்த், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாகத் தமிழ் உச்சரிப்புச் சுருக்கம் ஒன்றை எழுதினார். பின்னாளில் பிரிட்டனின் பெரிய மொழியியலாளராகப் போற்றப்பட்ட அதே ஃபர்த். 1958இல் லீ லிஸ்கர் என்ற அமெரிக்கர், தமிழ் வல்லினங்களைப் பிரிப்பது நீளமா, அதிர்வா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். இவர் தெலுங்குக்குப் பாடநூல் எழுதியவர். திராவிட மொழிகளோடு புழங்கியவர். உச்சரிப்பு அறிவியலில் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுகோல் இவர் கையிலிருந்து வந்தது. அதைப் புரிந்துகொண்டால் 'பின்' சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும்.

'ப' சொல்ல இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். மூடிய உதடுகள் திறக்க வேண்டும். குரல்வளையில் உள்ள தசைமடிப்புகள் அதிரத் தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திருநாவலூர் வயல்காட்டுப் பக்கம் போர் போட்டவர்களுக்குத் தெரியும்: நின்று கிடந்த மோட்டாரைப் போட்டால் குழாய் முதலில் புஸ்ஸென்று வெறும் காற்றைக் கக்கும், பிறகுதான் தண்ணீர் வரும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் வால்வைத் திறந்தால் திறந்த கணமே தண்ணீர். வால்வு நம் உதடு, தண்ணீர் குரல். ஆங்கிலேயரின் 'ப' முதல் வகை. உதடு திறந்தபின் சிறிது நேரம் வெறும் மூச்சு, அப்புறம்தான் குரல். நம்முடைய 'பல்'லில் உதடு திறந்ததும் குரல் வந்துவிடும். 'பஜ்ஜி' என்னும்போதோ உதடு மூடியிருக்கும்போதே உள்ளே தண்ணீர் உறுமத் தொடங்கிவிடுகிறது.

இந்த இடைவெளியை லிஸ்கரும் ஆர்தர் ஆப்ராம்சனும் 1964இல் பதினொரு மொழிகளில் அளந்தார்கள். 'குரல் தொடங்கும் நேரம்' என்று நாம் அதைச் சொல்லலாம். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஒலியைப் பதிவு செய்து, 1940களில் பெல் ஆய்வகத்தில் உருவான ஒலிவரைவிக் கருவியில் போட்டால், நேரம் இடமிருந்து வலமாக ஓடும் ஒரு படம் கிடைக்கும். உதடு திறந்த கணம் அதில் மெல்லிய செங்குத்துக் கீற்றாக விழும். குரல் தொடங்கிய கணத்திலிருந்து ஒழுங்கான வரிவரியான கோடுகள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால் நேரம் வந்துவிடும். கிடைத்த சராசரிகள் இவை: ஆங்கிலத்தின் மூச்சுள்ள 'ப' 58 மில்லி விநாடி. தமிழின் அதிர்வில்லாத 'ப' 12. ஆங்கிலத்தில் 'பால்', 'பஸ்' போன்ற சொற்களின் முதலில் வரும் அதிர்வொலி வெறும் 1. தமிழின் அதிர்வொலி 'ப'வுக்கு உதடு திறப்பதற்கு 74 மில்லி விநாடி முன்பே குரல் வந்துவிட்டிருந்தது.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் விஷயம் விளங்கும். நம்முடைய 'ப'வின் 12, அவர்களுடைய 58க்குப் பக்கத்தில் இல்லை. 1க்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் குண்டூசி கேட்டால் அவர் காதில் குப்பைத்தொட்டி விழுவதற்கு அதுதான் காரணம். நாம் அதிர்வைச் சரியாகத்தான் தவிர்த்தோம். ஆனால் அவர் காது தேடியது அதிர்வை அல்ல, மூச்சை. 58 மில்லி விநாடி என்பது ஒரு கண்ணிமைப்பைவிடக் குறைந்த நேரம். மாத்திரையைக் கண்ணிமையால் அளந்தவர்கள் நாம். அந்தக் கணக்கிலும் இது பின்னம்தான்.

ஆய்வகம் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, உதட்டிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொங்கவிட்டு 'பல்', 'பத்து' என்று சொல்லுங்கள். தாள் அசைந்தால் உண்டு. இப்போது குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லைத் தாள் துள்ளும்படி ஊதிச் சொல்லுங்கள். அதுதான் ஆங்கில 'ப'. அடுத்து 'ஸ்பின்' சொல்லுங்கள். இங்கே தாள் துள்ளக் கூடாது! ஸ-வுக்குப் பின் வந்தால் ஆங்கிலேயரும் மூச்சை விடுவதில்லை. அந்த இடத்தில் அவர் 'ப'வும் நம் 'ப'வும் ஒன்று. ஒலிப்பதிவில் 'ஸ்பின்'னின் ஸ-வை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஆங்கிலேயருக்குப் போட்டுக் காட்டினால் குப்பைத்தொட்டி என்கிறார். அவர்களுக்கும் மாற்றொலி உண்டு, அவர்களுக்கும் அது தெரியாது.

இளகிய த-வுக்கு வருவோம். 'காது', 'அது' என்று இயல்பாகச் சொல்லும்போது நாக்கு மேல்பல்லை முழுவதும் அடைப்பதில்லை. லேசாக வருடிவிட்டுப் போகிறது, காற்றும் குரலும் தொடர்ந்து கசிகின்றன. ஆங்கிலத்தில் தாய்க்கான சொல்லின் நடுவில் வரும் ஒலி ஏறக்குறைய இதுதான். அதையே சொல்லின் தொடக்கத்தில், 'இது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் கேட்டால் நம் நாக்கு 'தலை'க்கான த-வைப் போட்டு அடைத்துவிடுகிறது. தமிழில் இளகிய த சொல்லுக்கு முதலில் வரவே வராது என்பதால் நாக்கு தன் கடமையைச் செய்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு தந்திரம் உண்டு. 'அது அது அது' என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போய், திடீரென்று முதல் அகரத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள். மிச்சம் இருப்பது அந்த ஒலி.

மற்றவையும் இப்படித்தான். 'கம்பு', 'பஞ்சு', 'வண்டி', 'பங்கு' எல்லாவற்றிலும் ஆங்கிலம் கேட்கும் அதிர்வொலிகள் அல்லது அவற்றின் நெருங்கிய உறவுகள் உட்கார்ந்திருக்கின்றன. 'குண்டு', 'கெட்டி' போன்ற பேச்சுச் சொற்களில் அவை சொல்லின் தலைக்கே ஏறிவிட்டன. ஆங்கில வரைபடத்தில் கெடிலம் ஆற்றின் பெயரும் 'ஜி' எழுத்தில்தான் தொடங்குகிறது. உண்மையாகவே நம்மிடம் இல்லாதவை கொஞ்சம்தான். ஃபேனில் உள்ள உரசொலி. மிருகக்காட்சிசாலைக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி. 'வ'வின் இரட்டைப் பிறவிகள். நாவலூரின் வ, ஆங்கிலத்தின் இரண்டு வ-க்களுக்கும் நடுவில் நிற்கிறது. கீழுதடு மேல்பல்லை நெருங்கும், ஆனால் உரசாது. ஒன்றுக்குப் பல்லை உதட்டில் பதித்து உரச வேண்டும். இன்னொன்றுக்குப் பல்லை மறந்துவிட்டு விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவிக்க வேண்டும்.

ட-வைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ட-வும் ஆங்கிலேயரின் ட-வும் ஒன்றல்ல என்பது காதுக்கே தெரியும். எங்கே வேறுபடுகிறது என்பதைப் பீட்டர் லாடஃபோகட்டும் பெரி பாஸ்கரராவும் 1983இல் எக்ஸ்ரே படங்களை வைத்துக் காட்டினார்கள். இந்தி பேசுபவர் நாக்கு நுனியால் அண்ணத்தின் முன்பகுதியைத் தொடுகிறார். தமிழரும் தெலுங்கரும் நாக்கை இன்னும் பின்னால் மடக்கி, நுனியின் அடிப்பக்கத்தால் அண்ணத்தைத் தொடுகிறார்கள். ஆங்கிலேயர் இருவருக்கும் முன்னால், மேல்பல்லுக்குப் பின்னுள்ள ஈற்று மேட்டிலேயே நின்றுவிடுகிறார். அந்த மேடு நமக்கு அந்நிய நிலமும் இல்லை. தொல்காப்பியர் ட-ணவைத் தனியாகவும் ற-னவைத் தனியாகவும் வைத்தது சும்மா இல்லை. யாழ்ப்பாணத்தார் 'வெற்றி', 'காற்று' என்பதை இன்றும் அந்த மேட்டில் நாக்கை ஒற்றித்தான் சொல்கிறார்கள். கனடாவில் குடியேறிய அவர்கள் தங்கள் நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்து இங்குள்ளவர்கள் புருவம் உயர்த்துவதுண்டு. ஆங்கில ஒலி நம் ட அல்ல என்று அவர்கள் காது சரியாகவே சொல்லியிருக்கிறது. உயிரொலியிலும் அவர்கள் வழி தனி: நாம் 'டாக்டர்', 'காலேஜ்' என்று ஆ-வுக்கு இழுத்ததை அவர்கள் 'டொக்டர்', 'கொலிஜ்' என்று ஒ-வில் வைத்தார்கள். ஒரே ஆங்கில உயிர், ஒரே தமிழ், இரண்டு காதுகள்.

காது எப்போது இப்படி முடிவெடுக்கிறது? 1971இல் பீட்டர் ஐமாஸ் குழுவினர் ஒரு மாதக் குழந்தைகளையும் நான்கு மாதக் குழந்தைகளையும் சோதித்தார்கள். வாயில் வைத்த ரப்பர் காம்பை ஒரு கருவியோடு இணைத்து, குழந்தை சப்பும்போதெல்லாம் ஓர் ஒலி கேட்கும்படி செய்தார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் சலித்துச் சப்புவதைக் குறைத்துவிடும். புது ஒலி என்று தோன்றினால் மறுபடி வேகமாகச் சப்பும். குரல் தொடங்கும் நேரத்தை 20லிருந்து 40 மில்லி விநாடிக்கு மாற்றியபோது வேகம் கூடியது. 60லிருந்து 80க்கு மாற்றினால், அதே 20 வேறுபாடுதான், கண்டுகொள்ளவில்லை. பேச்சே வராத குழந்தைக்கு எல்லைக்கோடு தெரிந்திருக்கிறது. 1984இல் கனடாவின் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியின் ட-வையும் த-வையும் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதமானபோது அந்தத் திறன் ஏறக்குறைய போய்விட்டது. வீட்டில் கேட்காத வேறுபாட்டுக்கு மூளை இடம் ஒதுக்குவதில்லை. 'தட்டு' என்பதில் நமக்குப் பட்டப்பகலாகத் தெரியும் வேறுபாடு ஆங்கிலேயர் காதில் விழாமல் போவது இப்படித்தான்.

போனது திரும்ப வருமா என்றால், வரும். 1991இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜப்பானியருக்கு ஆங்கில ர-ல வேறுபாட்டைப் பயிற்றுவித்தபோது, பல பேர் குரலில் பல சொற்களைக் கேட்கவைத்துச் சரியா தவறா என்று உடனுக்குடன் சொன்னார்கள். பெரியவர்களின் காதும் தேறியது. எனவே வாயைப் பழக்குவதற்கு முன் காதைப் பழக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் பல குரல்களில். ஆங்கிலக் கிரிக்கெட் வர்ணனை இதற்கு நல்ல பள்ளிக்கூடம். ஆஸ்திரேலியர், ஆங்கிலேயர், மேற்கிந்தியர், நம் ஊர்க்காரர் என்று ஒரே மதியத்தில் அத்தனை ஆங்கிலமும் வந்துவிடும்.

இனி அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை தூக்கலாக, நீளமாக, உரக்க வரும்; மற்றவை அதற்கு அடங்கிப் போகும். புகைப்படத்துக்கான சொல்லில் முதல் அசையில் அழுத்தம். புகைப்படக் கலைக்கான சொல்லில் இரண்டாவதில். அதன் பெயரடையில் மூன்றாவதில். 'ஹோட்டல்' என்பதில் நாம் முதலில் அழுத்துகிறோம், அவர்கள் இரண்டாவதில். தமிழில் அழுத்தத்தை எங்கே வைத்தாலும் பொருள் மாறாது. ஆகவே நாம் எல்லா அசைக்கும் சமபந்தி போஜனம் போட்டுவிடுகிறோம். அழுத்தம் இழந்த அசையில் ஆங்கில உயிர் சுருங்கி, நாக்கும் உதடும் எந்த முயற்சியும் எடுக்காத ஒரு மங்கல் ஒலியாகிவிடும். வாழைப்பழத்துக்கான சொல்லை 'பனானா' என்கிறோமே, அதன் முதல், கடைசி உயிர்கள் இரண்டும் அந்த மங்கல் ஒலிதான். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இது. ஆனால் 26 எழுத்தில் இதற்கென்று ஓர் எழுத்து கிடையாது.

உயிர் தேய்வது தமிழருக்குத் தெரியாத சங்கதியா? குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, ஒரு மாத்திரை அரை மாத்திரையாகிறது என்று அளவும் சொன்ன மொழி இது. 'பந்து', 'நாடு' என்பவற்றின் உகரத்தில் உதடு குவிவதில்லை, கவனித்துப் பாருங்கள். நம் குறுக்கம் பெரும்பாலும் சொல்லின் இறுதியோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத எந்த இடத்திலும் அது நடக்கிறது. மறுபடியும் இடம்தான்.

எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டுமா? வேண்டாம். 'திங்க்' என்பதை நாம் அடைப்பொலி த-வில் சொல்வதுபோலவே அயர்லாந்தில் ஏராளமானோர் சொல்கிறார்கள். ஆங்கிலம் அவர்கள் தாய்மொழி. 2000இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர், தாய்மொழியாளர் அல்லாதவர்கள் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது எது கெட்டால் பேச்சு புரியாமல் போகிறது என்று ஆராய்ந்தார். அந்தப் பல்லிடுக்கு உரசொலிகளை விட்டுவிடலாம், ஆனால் ப, ட, க-வின் மூச்சை விடக் கூடாது என்றார். சொல்லழுத்தத்தை அவர் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சல், இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று சோதித்து 1969இல் வெளியிட்ட ஆய்வில், தவறான சொல்லழுத்தத்தை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டினார். கால்சென்டரில் வேலை பார்த்தவர்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஒலி கொஞ்சம் பிசகினாலும் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். அழுத்தம் இடம் மாறினால் அவர் வேறு சொல்லைத் தேடப் போய்விடுவார். எனவே வரிசை இது: முதலில் அழுத்தம், அடுத்து மூச்சு, பிறகு இரண்டு வ-க்கள். பல்லிடுக்கில் நாக்கை நீட்டும் வேலை கடைசியில், நேரம் இருந்தால். பேச்சுப் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

அகராதியில் சாய்கோடுகளுக்குள் பார்த்தால், ஓர் அசைக்கு முன்னால் மேற்பக்கம் மிகச் சிறிய செங்குத்துக் கோடு ஒன்று நிற்கும். அதையடுத்து வரும் அசையை அழுத்த வேண்டும் என்று பொருள். ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரும்பலகையில் புதுச் சொல் எழுதும்போதெல்லாம் அந்தக் கோட்டையும் போட்டுவிடுங்கள். கூடுதல் பாடவேளை வேண்டாம், புதுப் புத்தகம் வேண்டாம். சாக்பீஸில் ஒரு கீற்று போதும்.